சென்னை வீட்டுக்கு சோலார் வாட்டர் ஹீட்டரா, கீசரா?

மொட்டை மாடியில் இவ்வளவு வெயில் வீணாகப் போகிறதே, அதிலேயே வெந்நீர் போட்டுக்கொண்டால் ஈ.பி. பில் குறையுமே என்ற எண்ணம் சென்னையில் தனி வீடு வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒருமுறையாவது வரும். நான்கு பேர் இருக்கிற வீடு என்றால் என் பதில், வேண்டாம். சின்ன கீசர் போதும், மாடி இடத்தை கரன்ட் எடுக்கும் சோலார் பேனலுக்கு விடுங்கள்.

காரணம் நம் ஊர்ப் பருவம். ஏப்ரல், மே மாதங்களில் மதியம் சின்டெக்ஸ் டேங்கிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது, அப்போது சோலார் ஹீட்டர் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வைத்திருக்கும், யாருக்கும் வேண்டியிருக்காது. வெந்நீர் நிஜமாகவே தேவைப்படுவது ஐப்பசியிலிருந்து தை வரை. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைக் காலம், இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மூட்டமாக இருந்தால் ஹீட்டருக்குள் இருக்கும் மின் காயிலைத்தான் போட வேண்டும். உங்களுக்கு வேண்டியது இரண்டு வாளி, காயில் சுட வைப்பதோ 100 லிட்டர் டேங்க் முழுவதையும்.

சரி, கணக்குக்கு வருவோம். 25 டிகிரியில் இருக்கும் 20 லிட்டர் வாளித் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 0.35 யூனிட் போதும். நான்கு பேருக்கு, நஷ்டத்தையும் சேர்த்து, ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு நான்கு மாதம் என்றால் 210 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் வருடத்துக்கு 1,700 ரூபாய்க்குள் முடிந்துவிடும். 100 லிட்டர் சோலார் ஹீட்டர், ஸ்டாண்டு, குழாய் வேலை எல்லாம் சேர்த்து 25,000, 30,000 ஆகும்போது போட்ட பணம் திரும்ப 15 வருடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் அந்த ஹீட்டரின் ஆயுளே முடிந்துவிடலாம். இதற்கு முன்பு கிடைத்த மத்திய அரசு மானியமும் 2014-லேயே நின்றுவிட்டது.

அதே மாடியில் 1 கிலோவாட் பேனல் போட்டால் சென்னையில் ஒரு நாளைக்கு சராசரியாக 4 யூனிட் வரும், அது வருடம் முழுக்க ஃபேனுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் உதவும், வெயில் ஏறும்போது நம் செலவும் ஏறுகிறது என்பதால் இரண்டும் பொருந்திப்போகிறது. 2024-இல் வந்த பி.எம். சூரிய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். ஒரு சதுர அடி வெயிலிலிருந்து எடுக்கும் சக்தியைப் பார்த்தால் ஹீட்டர்தான் பேனலைவிடக் கெட்டி, அதை மறுக்கவில்லை, ஆனால் எடுத்த சூட்டை எட்டு மாதம் என்ன செய்வது?

கீசரில் 15 லிட்டர் டேங்க் வைத்தது 60 டிகிரிக்கு ஏற சுமார் 20 நிமிடம் ஆகும், பச்சைத் தண்ணீர் கலந்தால் 35 லிட்டர் கிடைக்கும், இரண்டு பேர் குளிக்கலாம். ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கும் வீட்டுக்கு 3 லிட்டர் இன்ஸ்டன்ட் வகை இன்னும் சிக்கனம். நாள் முழுக்க ஸ்விட்சைப் போட்டே வைப்பதுதான் பில்லை ஏற்றும். வாளிக்குள் போடும் ராடு மலிவுதான், ஆனால் ஷாக் அடிக்கும் அபாயம் இருப்பதால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். கேஸ் கீசரைக் காற்று போகாத பாத்ரூமில் வைப்பது உயிருக்கே ஆபத்து, கார்பன் மோனாக்சைடு வாசனையே தெரியாமல் ஆளைச் சாய்த்துவிடும்.

அப்படியானால் சோலார் ஹீட்டர் யாருக்குத்தான்? வருடம் முழுக்க வெந்நீரில் குளிக்கும் பெரியவர்கள், கைக்குழந்தை, எட்டுப் பேர் கூட்டுக்குடும்பம் என்றால் கணக்கு மாறிவிடும், 200 லிட்டர் ஹீட்டர் போட்ட பணத்தை ஆறேழு வருடத்தில் எடுத்துவிடலாம். ஹாஸ்டல், சிறிய மருத்துவமனைக்கெல்லாம் யோசிக்கவே வேண்டாம், போடலாம். ஊட்டி, கொடைக்கானல், பெங்களூருக்கும் இந்தச் சென்னைக் கணக்கு பொருந்தாது.

போடுவதென்றே முடிவு செய்தால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். வேளச்சேரி, திருவான்மியூர்ப் பக்கம் உப்புத் தண்ணீர் வரும் போர் நிறைய உண்டு, அந்தத் தண்ணீர் தாமிரக் குழாய் வைத்த தட்டை வகைக்குள் போனால் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும், அதற்குக் கண்ணாடிக் குழல் வகைதான் தேவலை. கடலோரம் என்றால் ஸ்டாண்டு துருப்பிடிக்காத ரகமாக இருக்கட்டும், 2016 டிசம்பரில் வர்தா அடித்த காற்றை நினைத்து நன்றாக போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். அப்புறம் மாடியிலிருந்து கீழ் பாத்ரூம் வரை குழாய் எவ்வளவு நீளம் என்று அளந்து பாருங்கள். 20 மீட்டர் முக்கால் அங்குலக் குழாயில் 6 லிட்டர் ஆறின தண்ணீர் நிற்கும், அது வந்து தீர்ந்த பிறகுதான் சூடு வரும். லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில் அதைத் தரையில் விடாமல் வாளியில் பிடித்து வையுங்கள். அபார்ட்மென்ட் மாடி எல்லோருக்கும் பொது, அசோசியேஷனிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

புது வீடு கட்டுகிறவர்கள் இப்போது ஹீட்டர் வாங்காவிட்டாலும், மாடியிலிருந்து பாத்ரூமுக்கு ஒரு சி.பி.வி.சி. வெந்நீர்க் குழாயைச் சுவருக்குள்ளேயே இறக்கிவிடுங்கள், பின்னால் வேண்டுமென்றால் டைல்ஸை உடைக்க வேண்டியிருக்காது.