முதலில் கடையா, முதலில் பாடமா? செட்டிநாட்டுப் பொருளை இணையத்தில் விற்க இரண்டு வழிகள்

காரைக்குடி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து இணைய வியாபாரத்துக்கு வருபவர்கள் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. அமேசான், மீஷோ மாதிரித் தளங்களில் பொருளை ஏற்றி, விளம்பரத்துக்குப் பணம் கட்டி, உடனே விற்கப் பார்ப்பது ஒன்று. வாங்குபவரின் சந்தேகங்களை யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் சில மாதங்கள் காசில்லாமல் தீர்த்துவைத்துவிட்டு, அப்புறம் விற்பது இன்னொன்று. எது சரி என்பது விற்கும் பொருளைப் பொறுத்தது.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கு இரண்டாவது வழிதான். ஓரடிச் சதுரக் கல் முக்கால் அங்குலக் கனத்தில் நான்கு கிலோவை நெருங்கும். நூறு சதுர அடிக்கு நானூறு கிலோ. கூரியருக்கு ஆகாது, லாரியில்தான் போக வேண்டும். அதோடு, வாங்குபவரைத் தடுப்பது விலையைவிடப் பயம்தான்: வெள்ளை பூக்குமா, எங்கள் ஊர்க் கொத்தனாருக்குப் பதிக்கத் தெரியுமா? இந்தப் பயத்தைப் படம் பிடித்துத் தீர்க்கலாம். கண்ணாடிமேல் சட்டம் வைத்து, வண்ணச் சிமெண்டை ஊற்றி, அதன்மேல் உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, பின் கலவையை நிரப்பித் தேய்ப்பதைக் காட்டுங்கள். சூளையே கிடையாது, பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருகிறது என்பது அப்போதுதான் புரியும். பதிக்கும்போது மேலே சிந்தும் சிமெண்டை உடனே துடைக்காவிட்டால் கறை நிற்கும். ஆசிட் ஊற்றினால் மேல்பரப்பே போய்விடும். வெள்ளை பூப்பது அடியிலுள்ள ஈரம் உப்பை மேலே கொண்டுவருவதால். ஈரம் வற்ற வற்றக் குறையும். அதற்குள் சீலர் என்னும் மேல்பூச்சைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுத் திட்டுத் திட்டாகிவிடும். அடுத்த முறை செய்யும் கற்களில் அதே நிறம் அச்சாக வராது, அதனால் உடைவுக்கும் சேர்த்து ஐந்து முதல் பத்து சதவீதம் கூடுதலாக வாங்கச் சொல்லுங்கள். இவ்வளவும் தெரிந்துகொண்டு அழைப்பவர் பேரம் பேசுவதைவிட, எந்தத் தேதிக்குக் கிடைக்கும் என்றுதான் கேட்பார்.

கண்டாங்கிச் சேலைக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். 2019-இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் தளத்தில் விலை குறைந்ததை முதலில் காட்டச் சொன்னால் விசைத்தறிக் கட்டச் சேலைதான் மேலே நிற்கும். கைத்தறியின் கரை ஓரத்தில் தெரியும் சிறு ஊசித் தடங்களைக் கிட்டத்தில் காட்டுங்கள். அரக்கையும் மஞ்சளையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். முதல் சலவையைக் குளிர்ந்த நீரில் தனியாகச் செய்யச் சொல்லுங்கள். ‘படத்தில் வேறு நிறம், சாயம் போகிறது’ என்று திரும்பி வரும் சேலைகள் இதனால் குறையும்.

பலகாரத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முப்பதுக்கு இருபதுக்கு இருபது சென்டிமீட்டர் பெட்டியில் ஒரு கிலோ தேன்குழல் வைத்தாலும், கன அளவை 5000-ஆல் வகுக்கும் கூரியர் 2.4 கிலோவுக்குக் கட்டணம் கேட்கும். பொருள் வந்தபின் பணம் என்ற ஆர்டர் திரும்பி வந்தால் போக்குவரத்தும் நஷ்டம், தின்பண்டமும் நஷ்டம். ஆகவே தளத்தில் லாபம் நிற்பது கடினம். அதற்காக இங்கே செய்முறை வீடியோவாகப் போடுவதும் முழுப் பலன் தராது. அது சமைக்க விரும்புபவர்களைக் கூட்டுகிறது, வாங்குபவர்களை அல்ல. வாங்குபவரின் கேள்வி வேறு: எந்த எண்ணெய், எத்தனை நாள் தாங்கும், சிங்கப்பூருக்குக் கொண்டுபோகப் பெட்டியில் நொறுங்காமல் எப்படி அடுக்குவது, கல்யாணத்தில் இருநூறு பேருக்குத் தாம்பூலப் பையில் நூறு கிராம் வைக்க எத்தனை கிலோ? (இருபது கிலோ, உடைசலுக்கு இரண்டு.) இவற்றுக்குப் பதில் சொல்லும் ஆச்சியிடம்தான் மொத்த ஆர்டர் வரும். தயாரித்த தேதியும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண்ணும் பொட்டலத்தில் இருக்கட்டும்.

மசாலாப் பொடிக்குத் தளமே மேல். சின்னப் பொட்டலம், உடையாது, பல மாதம் நிற்கும், வாங்குபவர் பெயர் சொல்லியே தேடுகிறார். வெளிமாநிலத்துக்கு விற்க ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடம் நடத்தும் வழிக்கும் விலை உண்டு. சில மாதங்களுக்கு வருமானம் இராது, கையிலிருக்கும் கடை வியாபாரத்தை விட்டுவிடக் கூடாது. ஆனால் தளத்தில் வாங்கியவரின் தொலைபேசி எண் நமக்குக் கிடைக்காது, அடுத்த முறை அவர் தளத்தைத்தான் தேடிப் போவார். இங்கே எண் நம்மிடம் இருக்கும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான். அதுவும் நம் எண்ணைச் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும். அதனால் ஒவ்வொரு பதிலின் முடிவிலும் சேமித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். தினமும் காலை வணக்கம் அனுப்பினால் தடை செய்துவிடுவார்கள். வாரம் ஒரு பயனுள்ள செய்தி போதும். நான்கில் ஒன்று விற்பனையைப் பற்றி இருக்கலாம்.

ஆரம்பிக்க ஆடி மாதம் தோதானது. கல்யாணம் இல்லாததால் கை ஓய்வாக இருக்கும். தொலைபேசியில் அடிக்கடி வரும் பத்துக் கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிட வீடியோ போட்டுவிட்டால், தை முகூர்த்தங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் விசாரிப்பவர்களுக்குப் பதில் தயாராக இருக்கும்.