அட்டையைப் பார்த்தால் சினிமா பாட்டுப் புத்தகம், உள்ளே கவிதை

சேலம் இரண்டாம் அக்ரஹாரத்தை ஒட்டிய சந்தில் ஒரு பழைய புத்தகக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. பத்தாம் வகுப்பு கைடும் ஜோதிடப் புத்தகமும்தான் அங்கே ஓடும். போன மாதம் மகளுக்கு கைடு வாங்கப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில், கயிற்றில் கிளிப் போட்டு ஒரு ரோஸ் கலர் புத்தகம் தொங்கியது. சினிமா பாட்டுப் புத்தகம் என்றே நினைத்தேன். அதே அளவு, அதே மட்டக் காகிதம், 32 பக்கம். எங்கள் மாமா தியேட்டர் வாசலில் வாங்கிச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொள்வாரே, அது மாதிரி.

அட்டையில் தலைப்பு இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. ஒரு ஆடியோ கேசட் படம், கீழே விலை 60 ரூபாய்.

“கவிதைங்கண்ணா. எழுதுன புள்ளையே கொண்டாந்து குடுத்துட்டுப் போச்சு. படிச்சுப் பாருங்க, புடிக்கலன்னா திருப்பிக் குடுத்துருங்க” என்றார் கடைக்காரர்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன். கவிதைக்கு மதிப்புரை எழுதுகிற ஆள் இல்லை. ஆனால் 26 வருடமாகக் காலையிலிருந்து ராத்திரி வரை சினிமாப் பாட்டு கேட்டபடியே வேலை பார்க்கிறேன். அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

மொத்தம் 19 கவிதைகள். எல்லாவற்றிலும் ஒரு நடிகரோ, கிரிக்கெட்டோ, வாட்ஸ்அப்போ வந்துவிடும். குடும்ப குரூப்பில் ஆயா இறந்த செய்திக்குக் கீழே, வடிவேலு அழுகிற ஸ்டிக்கரைக் கைதவறித் தட்டிவிடுகிறார் ஒரு சித்தப்பா. யாரும் திட்டவில்லை. ஆயாவுக்கு வடிவேலு என்றால் உயிர். எட்டே வரிதான். முதலில் சிரித்தேன், அப்புறம் போனை எடுத்து எங்கள் குரூப்பைத் திறந்து பார்த்தேன்.

ஏற்காடு சாலையில் நிற்கிறதே மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, அதன் முன்னால் செல்ஃபி எடுக்கும் ஒரு ஜோடியைப் பற்றி இன்னொன்று. 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய கம்பெனி, நூறு படத்துக்கு மேல் எடுத்தது, 1956-ல் தமிழின் முதல் முழுநீளக் கலர் படம் அங்கிருந்துதான் வந்தது, கண்ணதாசன் அங்கே சம்பளத்துக்கு இருந்தார் என்று எங்கள் ஊர்க்காரர்கள் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டோம். கவிதையில் இதில் ஒரு வார்த்தை கிடையாது. “உள்ள என்ன இருக்கு?” என்கிறாள் அவள். “வீடுங்கதான்” என்கிறான். அதோடு முடிகிறது.

எல்லாம் இப்படி என்றால் பொய். 12-ஆம் பக்கத்தில் ஒரு காதல் கவிதை, 14 வரியில் ஒன்பது படப் பெயர். எங்கள் தொழிலில் பொடி வைத்து ஊதுவது என்று ஒன்று உண்டு. பேச்சில் எல்லோரும் சொல்கிறார்கள், செய்து பார்த்தவர்கள் குறைவு. இரண்டு கண்ணி சேரும் இடத்தில் வெங்காரம் தடவி, துளிப் பொடி வைத்து, நெருப்பை ஊதவேண்டும். பொடி உருகி உள்ளே ஓடிவிட்டால் ஒட்டு தெரியாது. கூடிப்போனால் அங்கேயே கட்டி தட்டி நிற்கும், மெருகு போட்டாலும் மறையாது. அந்தப் பக்கம் முழுக்கக் கட்டிதான். தோனியின் 7-ஆம் நம்பர் ஜெர்சி பற்றியதும் ஏறக்குறைய அதே கதை.

பின்னட்டையில் ஒரு குறிப்பு. 1962-ல் நியூயார்க்கில் பிராங்க் ஓஹாரா என்ற கவிஞர், நடிகை லானா டர்னர் மயங்கி விழுந்த செய்தியைப் பத்திரிகைத் தலைப்பில் பார்த்துவிட்டு, கவிதை வாசிக்கப் போகும் படகிலேயே அதைக் கவிதையாக்கி, அன்றைக்கே மேடையில் வாசித்தாராம். நல்ல தகவல். ஆனால் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை. கொலை, ரயில் விபத்து, வெள்ளம் என்று எது நடந்தாலும் சுடச்சுடச் சிந்துப் பாட்டுக் கட்டி, காலணா அரையணாப் புத்தகமாக விற்றவர்கள் இங்கேயே இருந்தார்கள். இந்த ரோஸ் காகிதம் அவர்கள் வீட்டுச் சொத்து.

எழுத்து ரொம்பப் பொடி, என் கண்ணாடிக்கே சிரமம். ஸ்டேப்ளர் பின் இரண்டாம் நாளே கழன்றுவிட்டது. பட்டறையில் கிடந்த மெல்லிய கம்பியால் கட்டி வைத்திருக்கிறேன்.

60 ரூபாய் அந்தக் கேசட் கவிதைக்கே சரியாகப் போய்விட்டது. மகன் பேசுகிறான். அப்பா கடையில் கொடுத்துப் பாட்டுப் பதிந்து வாங்கிய கேசட். இடம் போதவில்லை.

“பி பக்கத்தின் கடைசிப் பாட்டு
பல்லவியோடு நின்றுவிடும்.
அதற்கு மேல் அப்பா
முணுமுணுத்ததே இல்லை.”

பல வருடம் கழித்து மகன் போனில் முழுப் பாட்டையும் போட்டுக் காட்டுகிறான். சரணம் வந்ததும் அப்பா, “இது வேற பாட்டு” என்கிறார்.

டீ நேரத்தில் பட்டறையில் சத்தமாகப் படித்தேன். மெருகு போடும் பெரியவர் கையை நிறுத்திவிட்டு ஒரு டி.எம்.எஸ். பாட்டின் பெயரைச் சொன்னார், அதுவாகத்தான் இருக்கும் என்றார். பற்றவைக்கிற பையன் இளையராஜா என்றான். எனக்கு இரண்டுமே இல்லை, வேறொன்று. அப்புறம் புத்தகத்தை வாங்கிப் புரட்டிய பையன் கேட்டான்: “எந்தப் பாட்டுன்னே போடலியேண்ணா?”