20 பேர்ச் மேட்டுக் காணியில வெதை போட கயிறா, பைப்பா, தள்ளுற சீடரா?

நமக்கு தலவாக்கலைப் பக்கம் 20 பேர்ச் காணி, கணக்கு பாத்தா ஒரு 5,400 சதுர அடி வரும், அதுலயும் பாதி சரிவு, மீதி கல்லு. ஞாயித்துக்கெழம மட்டுந்தான் எறங்குறது. போன தடவ போஞ்சி போட்டு முடிச்சப்ப இடுப்பு நிமிரவே மாட்டேன்னுருச்சு, அன்னைக்குத்தான் வெதை போட கருவி ஏதாச்சும் பாப்போமேன்னு தேட ஆரம்பிச்சேன். லேண்ட் மாஸ்டர்ல, அதான் ரெண்டு சில்லு கை டிராக்டர்ல, மாட்டுறதெல்லாம் பேசி வேலையில்ல, நம்ம ஒத்தையடி பாதையில அத எறக்கவே நாலு பேர் வேணும்.

தள்ளுற சீடர் ஒன்ன கூட்டாளிகிட்ட எரவல் வாங்குனேன். முன்னுக்கு ஒரு சில்லு, பின்னுக்கு ஒரு சில்லு, நடுவுல வெதைப் பொட்டி, உள்ள ஓட்டை போட்ட தட்டு சுத்த சுத்த வெதை விழும். காணிக்கு கொண்டு போக முந்தி வாசல்ல சீமெந்து தரையில சாக்க விரிச்சு அதுமேல தள்ளிப் பாத்தேன், கரட் வெதை ஒன்னு விழுற எடத்துல மூனு விழுந்துச்சு, சரி எப்படியும் நெருக்கமா மொளைச்சத புடுங்கி களைச்சு விடத்தானே போறோம்னு மனச தேத்திக்கிட்டேன். காணியிலதான் கத வேற. முந்தின நாள் மழை, ஈர மண்ணு சில்லுல அப்பி அப்பி சில்லே தடிச்சுப் போச்சு, வெதை விழுற வாயும் அடைச்சுக்கிச்சு, ஆனா தட்டு மட்டும் கடகடன்னு சுத்துது, நானும் வெதை விழுதுன்னு நெனச்சு பாத்தி பாத்தியா தள்ளிக்கிட்டே போயிருக்கேன். இந்தக் குளிருக்கு கரட் மொளைக்க ரெண்டு கெழமை ஆவுது, அப்பத்தான் மூனு வரிசை மொட்டையா கெடக்குறதே தெரிஞ்சுச்சு! இதுல சரிவு வேற. மேலயிருந்து கீழ வரிசை போட்டா மழைக்கு அதுவே தண்ணி ஓடுற கானாயிரும், அதனால குறுக்கத்தான் தள்ளனும், குறுக்க தள்ளுனா சீடர் கீழ்ப்பக்கமே சரியுது.

பீட்ரூட்டுக்கு எந்த மெஷினும் பெருசா ஒதவாது, ஒரு வெதைன்னு நம்ம நெனக்கிறதுலயே ரெண்டு மூனு மொளை வரும், களைக்கிற வேலை தப்பவே தப்பாது. கோவா (முட்டைக்கோசு), லீக்ஸ் எல்லாம் நாத்துமேடையில வளத்து நடுறதுதான், அத விட்ருவோம்.

என்னோட ஓட்டு பிவிசி பைப்புக்கு. ஒன்னேகால் இஞ்சி பைப் மூன்றரை அடி, கூட ஒரு கம்பு, கம்போட நுனியிலருந்து ஒன்றரை இஞ்சி மேல ஒரு ஆணி, அதுதான் ஆழக் கணக்கு. வலது கையில கம்பால குத்தி, இடது கையில பைப்ப குழியில வச்சு, மேல வெதைய போட்டு, கால்ல மண்ணத் தள்ளி ஒரு மிதி. குனியவே வேணாம். மொதல்ல பைப்ப சாய்வா வெட்டி அதாலயே குத்திப் பாத்தேன், ரெண்டாவது குத்துலயே வாய்க்குள்ள மண்ணு, கடையில விக்கிற அலகு வச்ச குத்து சீடருக்கும் ஈரக் களியில இதே வியாதிதான். போஞ்சி, சோளம் ரெண்டுக்கும் பைப்ப மிஞ்ச ஒன்னுமில்ல, கரட்டுக்கு மட்டும் ஆகாது. கரட்டுக்கு காஞ்ச மணலோட வெதைய கலந்து கையால கோடு போட்டு தூவுறதே போதும்.

உருளக்கெழங்குக்கு பேச்சே இல்ல, கயிறும் மம்பட்டியுந்தான். 25 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு, வரிசைக்கு வரிசை 60, மொளை மேல பாக்குற மாதிரி ஒவ்வொன்னா கையால வச்சா சும்மா கோடு போட்ட மாதிரி வருது.

கந்தப்பளைப் பக்கம் மட்டமா, கல்லில்லாம, மாவு மாதிரி மண்ணு இருக்கவங்க, அதுவும் கரட் மட்டும் போடுறவங்க சீடர் வாங்குங்க, காசு வீணாகாது, மண்ணு காய விட்டு தள்ளுங்க அவ்வளவுதான். நான் சீடர கழுவி திருப்பிக் குடுத்துட்டேன். பைப்ப வேலியோரமா சாத்தி வச்சிருந்தேன், நேத்து போய் பாத்தா கம்பு பத்தலன்னு அம்மா அத நட்டு போஞ்சிக் கொடிய ஏத்தி விட்டிருக்கு.