இராமநாதபுரம் கடற்கரையில் விடுமுறை வீடு: மனை காட்டும் இலவசப் பயணம் பற்றிய மதிப்புரை

மதுரையிலிருந்து ஆட்களை வேனில் ஏற்றிச் சென்று கடற்கரை மனைகளைக் காட்டும் சேவை ஒன்றை 2025 ஜூலையில், ஆடி அமாவாசை கழிந்த ஞாயிற்றுக்கிழமையன்று, நானும் என் மனைவியும் பயன்படுத்தினோம். காலை ஆறு மணிக்குத் தெப்பக்குளத்தில் ஏறினால் மாலை ஏழு மணிக்குத் திரும்பிவிடலாம், இரண்டு வேளை உணவும் அவர்கள் பொறுப்பு என்றார்கள். அந்த வாக்கு பிசகவில்லை. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே வேலையைச் செய்பவர்கள் இந்தத் தடத்தில் பலர் உண்டு. அவர்கள் காட்டுவதும் காட்டாமல் விடுவதும் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. வழியில் கொடுத்த பொங்கலும் இட்லியும் சூடாக இருந்தன. அவர்களைப் பற்றிய பாராட்டு இத்துடன் முடிகிறது.

பரமக்குடி வரை சாலை நான்கு வழிச்சாலையாக இருப்பதால் வேன் தடையில்லாமல் ஓடியது. அதற்கப்பால் இராமநாதபுரம் வரையுள்ள 46.7 கிலோமீட்டரை நான்கு வழியாக்க மத்திய அமைச்சரவை அந்த மாதத் தொடக்கத்தில்தான் ஒப்புதல் அளித்திருந்தது. எங்களுடன் வந்த விற்பனைப் பிரதிநிதியோ சாலை போட்டு முடித்துவிட்டதைப் போலப் பேசி, "ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம் சார்" என்றார். வாரக் கடைசியில் வந்துபோவதற்கான வீட்டுக்குக் கணக்கிட வேண்டிய நேரம் ஞாயிறு மாலை திரும்பும் நேரம்தான். இராமேசுவரத்திலிருந்து திரும்பும் வண்டிகளோடு சேர்ந்து வரும்போது மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து நான் ஒருமுறையும் மதுரை சேர்ந்ததில்லை. தை அமாவாசை, ஆடி அமாவாசை நாள்களில் இராமேசுவரம் மட்டுமின்றித் தேவிபட்டினமும் சேதுக்கரையும் தர்ப்பணம் கொடுக்க வருவோரால் நிரம்பிவிடும் என்பதால், அந்த நாள்களில் சொந்த வீட்டு வாசலுக்கே வண்டியைக் கொண்டுபோக முடியாது.

மனைப்பிரிவு தேவிபட்டினத்துக்கு வடக்கே இருந்தது. வாசலில் ஒரு வளைவும், வண்ணக் கொடிகளும், வெள்ளையடித்த எல்லைக் கற்களும், ஐந்து சென்ட் அளவில் பிரித்த மனைகளும், அவற்றுக்கு அப்பால் கடலும் தெரிந்தன. கடல் அன்று கண்மாயைப் போலக் கிடந்தது. என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் ஆழம்வரை இறங்கி நின்றதைப் பார்த்ததும் நான் 25,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

அந்த அமைதிக்குக் காரணம் மாதம். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் இருப்பது பாக் நீரிணையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல். தென்மேற்குப் பருவக்காற்று அங்கே தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் ஆடியிலும் ஆவணியிலும் அலை எழுவதில்லை. ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று கடலிலிருந்து கரையை நோக்கித் திரும்பும்போது அதே கடலின் குணம் மாறிவிடுகிறது. பாம்பனுக்குத் தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது; அங்கே ஆனி, ஆடி மாதங்களில்தான் சீற்றம் அதிகம். இராமேசுவரம் பக்கத்தில் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வீடு வாங்க நினைப்பவருக்கு அந்தப் பெயர்களைவிட, ஆண்டின் எந்தப் பாதியில் தாம் அங்கே தங்கப் போகிறோம் என்பது முக்கியம். கோடை விடுமுறைக்கு என்றால் வடகரையும், பொங்கல் விடுமுறைக்கு என்றால் தென்கரையும் பொருந்தும்.

ஒப்பந்தம் எழுதுவதற்கு முன் டிசம்பரில் இன்னொரு முறை போய்ப் பார்க்கலாம் என்று என் தாய்மாமன் வற்புறுத்தினார். அவர் நில அளவைத் துறையில் முப்பது ஆண்டுகள் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். நாங்கள் சென்ற அன்று கடற்கரையை நோக்கிய முதல் இரண்டு வரிசைக் கற்களைக் காணவில்லை. மூன்றாம் வரிசைக் கல்லைச் சுற்றிக் கடற்புல் குவிந்து நாறிக்கொண்டிருந்தது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, கல்லு நட்டவன் ஆடியில நட்டுட்டுப் போயிருக்கான்" என்றார்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளைப் பற்றி அந்தப் பயணத்தில் ஒரு சொல்லும் பேசப்படவில்லை. உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது நீர் எட்டும் எல்லை) 500 மீட்டர் வரையுள்ள நிலம் அந்த மண்டலத்துக்குள் வருகிறது. 2011ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, ஊரகக் கடற்கரையில் அந்தக் கோட்டிலிருந்து முதல் 200 மீட்டர் புதிய கட்டுமானத்துக்கு இடமில்லாத பகுதி. 200 முதல் 500 மீட்டர் வரை, மீனவக் குடியிருப்புகள் போன்ற வழிவழி உரிமையும் வழக்கமான பயன்பாடும் உள்ள இடங்களின் வரம்புக்குள் மட்டுமே வீடு கட்டலாம். அதுவும் 9 மீட்டர் உயரத்துக்குள், தரைத்தளமும் ஒரு மாடியுமாக இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு அறிவிக்கை இந்த 200 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்துவிட்டது என்று தரகர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. சதுரக் கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் நெருக்கமான ஊரகப் பகுதிகளுக்குத்தான் அந்தச் சலுகை. கருவேலங்காடும் பனைமரமும் தவிர வேறு குடியிருப்பு இல்லாத கரைக்கு 200 மீட்டர் அப்படியே இருக்கிறது. எங்களுக்குக் காட்டிய மனை, மாமா காலடியால் அளந்த கணக்கில், தண்ணீரிலிருந்து 120 மீட்டருக்குள் கிடந்தது. நாங்கள் அதை வாங்கலாம், பதிவும் செய்யலாம், வரியும் கட்டலாம். வீடு மட்டும் கட்ட முடியாது.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் யோசித்தது தண்ணீரைப் பற்றி. இராமநாதபுரம் மாவட்டத்தில் மணப்பெண் வீட்டார் முதலில் கேட்பது மாப்பிள்ளை ஊரில் நல்ல தண்ணீர் உண்டா என்பதைத்தான் என்று மதுரையில் கேலியாகச் சொல்வதுண்டு. அங்கே தங்கிப் பார்த்தவர்களுக்கு அது கேலியாகத் தோன்றாது. வைகையே கடலை எட்டாமல் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் தன் பயணத்தை ஏறக்குறைய முடித்துக்கொள்ளும் நாடு அது. கடற்கரை மணலில் பெய்யும் மழை, கனமான உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. அதனால்தான் அங்குள்ளவர்கள் ஊற்றைக் கையால் தோண்டி, கொட்டாங்கச்சியால் அள்ளி, குடம் நிரப்பும் அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாம் போய் ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டாரை ஓட்டினால் மேலே இருக்கும் நன்னீர் தீர்ந்து கீழிருக்கும் உப்புநீர் ஏறிவிடும். பக்கத்து மனைக்காரர்கள் நாற்பது பேரும் அதையே செய்தால் ஊர்க்காரர்களின் ஊற்றும் சேர்ந்து கெடும். மனைப்பிரிவு வரைபடத்தில் நீச்சல் குளம் ஒன்று நீல நிறத்தில் வரையப்பட்டிருந்தது. அதற்கான தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் சாலை வரை வந்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்தச் சாலையில்தான் தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண்மணியை டிசம்பரில் பார்த்தோம். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று மாமா விசாரித்ததற்கு, "வர்றன்னைக்கு வரும்யா" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை நிறுத்தாமல் போய்விட்டார்.

ஆவணங்களைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. மூலப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, சிட்டா, புல வரைபடம் ஆகிய நான்கையும் கேட்டதில் முதல் மூன்று வந்தன. புல வரைபடத்தை மாமா இணையத்திலேயே எடுத்துப் பார்த்தபோது, மனைப்பிரிவின் நடுவே நாற்பதடிச் சாலை என்று காட்டப்பட்டதில் ஒரு பகுதி ஓடைப் புறம்போக்கு என்று தெரிந்தது. நகர் ஊரமைப்பு இயக்கக ஒப்புதல் எண்ணும், மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமப் (ரெரா) பதிவு எண்ணும் விளம்பரத் தாளில் இல்லாவிட்டால் வேனில் ஏறவே வேண்டாம் என்பது என் கருத்து.

மற்ற கரைகளையும் அடுத்த சில வாரங்களில் சொந்தக் காரில் போய்ப் பார்த்தோம். தொண்டிக்குச் சிவகங்கை, காளையார்கோவில் வழியாகச் செல்லும் சாலை எனக்குப் பிடித்தது. கரை சேறு கலந்தது, நடப்பதற்கு இனிமையானதன்று, காரங்காட்டைச் சுற்றியுள்ள அலையாத்திக் காடுகளின் பக்கம் மனை விற்பவர் யாராக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். உச்சிப்புளிக்கு அருகிலுள்ள அரியமான் கடற்கரையில் சவுக்கு நிழலும் நல்ல மணலும் உண்டு. விலையும் அதற்கேற்றாற்போல் ஏறியிருக்கிறது, கடற்படை விமான தளமும் பக்கத்தில் இருக்கிறது. கீழக்கரைக்குத் தென்மேற்கே வாலிநோக்கம் வரையுள்ள கரை கண்ணுக்கு மிக அழகானது. ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருப்பதாலும், அந்த வளைகுடா கடலோர விதிகளில் மிகவும் நலிவுக்குள்ளாகும் பகுதியாகக் குறிக்கப்பட்டிருப்பதாலும், அங்கே கட்டுமான அனுமதி கேட்டு அலைய எனக்கு வயதில்லை. தூத்துக்குடிச் சாலை நான்கு வழியாக இருப்பதால் தூரம் கூடினாலும் நேரம் கூடுவதில்லை. மருத்துவமனையும் குடிநீரும் வேண்டும் என்பவர்கள் அந்த நகரத்தையே யோசிக்கலாம். அமைதிக்காகப் போகிறவர்களுக்குத் துறைமுக நகரம் ஒத்துவராது.

உப்புக்காற்றுக்கு இரும்பு தாங்காது என்பதையும் சொல்ல வேண்டும். அரியமான் பக்கத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு முன் வீடு கட்டிய ஒருவர், சன்னல் கம்பிகளை இரண்டு முறை மாற்றியதையும், குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி மூன்றாம் ஆண்டிலேயே அரித்துப்போனதையும் காட்டினார். மாதத்தில் இருபத்தாறு நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டைக் காவல் பார்க்கிறவருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் அதே ஊரில் ஆண்டு முழுவதும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கலாம் என்று அவர் சொன்னதைத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டோம். (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், நல்ல மீன் சாப்பிடலாம் என்ற ஆசையோடு மே மாதத்தில் வரும் விருந்தினரைச் சமாளிப்பது தனிப்பாடு என்றும் அவர் குறிப்பிட்டார்.)

முன்பணத்தைத் திரும்பப் பெற நான்கு மாதங்களும், எண்ணற்ற தொலைபேசி அழைப்புகளும், அலுவலகத்துக்கு இரண்டு நடைகளும் ஆயின. "நிர்வாகச் செலவு" என்று 5,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள்; ரசீதின் பின்பக்கத்தில் அதற்கான நிபந்தனை பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது, படிக்காமல் கையெழுத்திட்டது என் பிழை. ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால், பயண ஏற்பாட்டுக்கு நான்கும், காட்டிய நிலத்துக்கு ஒன்றும் கொடுப்பேன்.

இப்போது திருப்புல்லாணியில், ஓட்டு வீடு ஒன்றை ஓராண்டு ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். சேதுக்கரைக் கடல் அங்கிருந்து சுமார் நான்கு கிலோமீட்டர். சன்னலில் அலை தெரியாது, இரவில் காற்று மட்டும் வருகிறது. வீட்டுக் கிணற்று நீர் தை மாதத்தில் குடிக்கும்படி இருந்தது. சித்திரையில் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்காரரிடம் விலை பேசுவது என்று மாமா முடிவு செய்திருக்கிறார்.