500-க்கு 500 எல்இடி பேனல்: பிட்ச் எண்ணை மட்டும் பார்த்து வாடகைக்கு எடுக்காதீர்கள்

மேடையில் புரொஜெக்டர் திரை இருந்த இடத்தை எல்இடி வால் (பேனல்களைக் கோத்து எழுப்பும் சுவர் போன்ற திரை) பிடித்துவிட்டது. வாடகைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே உடம்புதான்: 500 மி.மீ.க்கு 500 மி.மீ. டை-காஸ்ட் அலுமினிய கேபினட், உள்ளே 250-க்கு 250 மாட்யூல் நான்கு, எடை சுமார் 7 முதல் 9 கிலோ. பி3.9, பி2.9, பி2.6 என்று பிட்ச் (அடுத்தடுத்த பிக்சல்களுக்கு இடையிலான தூரம், மி.மீ.யில்) மட்டும் மாறும். கொட்டேஷனில் கொட்டை எழுத்தில் வருவதும் அந்த எண்தான். ஆனால் 3840 ஹெர்ட்ஸ் ரிஃப்ரெஷ் ரேட்டில் (நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்ற எண்) ஓடும், ஒரே பேட்ச்சைச் சேர்ந்த (ஒரே தயாரிப்புத் தொகுதி) பி2.9 இருந்தால், 1920 ஹெர்ட்ஸில் ஓடும் கலந்துகட்டிய பி2.6 பக்கமே போக வேண்டாம் என்பதுதான் எங்கள் தீர்ப்பு.

முதலில் கணக்கு. ஒரு கேபினட்டில் பி3.9 என்றால் 128-க்கு 128 பிக்சல், பி2.9 என்றால் 168-க்கு 168, பி2.6 என்றால் 192-க்கு 192. 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரத்துக்கு 60 பேனல் வேண்டும். பி2.6-ல் அகலம் சரியாக 1920 பிக்சல் வருவதால் ஃபுல் எச்டி படத்தைச் சுருக்காமல் ஓட்டலாம், பி2.9-ல் 1680, பி3.9-ல் 1280. சின்ன எழுத்தும் எக்செல் அட்டவணையும் ஓடும் கருத்தரங்குக்கு இந்த வித்தியாசம் தெரியும். பாட்டுக் கச்சேரிக்கு, முதல் வரிசையே 6 மீட்டர் தள்ளி இருக்கும்போது, தெரியாது. பிட்ச் எத்தனை மி.மீ.யோ, குறைந்தது அத்தனை மீட்டர் தள்ளி ஆள் உட்கார்ந்தால் போதும்.

ரிஃப்ரெஷ் ரேட் கதை வேறு. கண்ணுக்கு 1920-ம் 3840-ம் ஒன்றுதான். கேமராவின் ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் போதும், 1920 ஹெர்ட்ஸ் வாலில் கருப்புக் கோடுகள் வரிவரியாக ஏறும். நேரலை, ரீல்ஸ், புகைப்படம் என்று எல்லாம் கேமரா வழியாகவே போகிற காலத்தில் இது சின்னக் குறை அல்ல. பேனல் 3840 தாங்கும் என்பதும் பாதி உண்மையாக இருக்கலாம்: ரிசீவிங் கார்டை (பேனலுக்குள் சிக்னலை வாங்கும் போர்டு) மாற்றிவிட்டு வேறு கான்ஃபிக் ஃபைலை ஏற்றியிருந்தால் அதே பேனல் குறைந்த வேகத்திலேயே ஓடும். மொபைல் கேமராவை புரோ மோடில் வைத்து, ஷட்டரை 1/1000-க்கு ஏற்றி வாலைப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

அடுத்தது பேட்ச். வெவ்வேறு சமயத்தில் வாங்கிய பேனல்களைச் சேர்த்து மாட்டினால் வால் சதுரம் சதுரமாக ஒட்டுப்போட்ட துணி மாதிரி தெரியும். ஓடுகிற வீடியோவில் இது மறைந்துவிடும் என்பதால் டெமோ வீடியோவை நம்பக் கூடாது. சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று முழுத் திரையாக ஓட்டுங்கள்; கடைசியில் 20 சதவீத சாம்பல். குட்டு வெளிப்படுவது சாம்பலில்தான். மாட்யூல் இணைப்பில் வெள்ளைக் கோடோ கருப்புக் கோடோ தெரிந்தால் அது பேட்ச் குறை அல்ல, பூட்டு சரியாக இறுகவில்லை என்று அர்த்தம்.

டேட்டா வயரிங்கில் பிட்ச் திருப்பி அடிக்கும். வாலுக்குப் படம் அனுப்பும் கன்ட்ரோலரின் கிகாபிட் போர்ட் ஒன்று 8 பிட், 60 ஹெர்ட்ஸில் சுமார் 6,50,000 பிக்சல் தாங்கும். பி3.9 என்றால் 39 பேனல், பி2.6 என்றால் 17 தான். மேலே சொன்ன 60 பேனலுக்கு பி3.9-ல் 2 போர்ட், பி2.9-ல் 3, பி2.6-ல் 4. பேக்கப்புக்கும் அதே அளவு போர்ட் வேண்டும். பி3.9-ல் கை பழகியவர் பி2.6-லும் ஒரே கேபிளில் 30 பேனல் கோத்தால், கடைசிப் பேனல்களுக்குப் படம் போய்ச் சேராது. பேக்கப் லூப் (ஒரு கேபிள் அறுந்தாலும் மறுமுனையிலிருந்து டேட்டா தரும் இணைப்பு) இருக்கிறது என்று சொன்னால் வாய்ப்பேச்சை ஏற்க வேண்டாம். வீடியோ ஓடும்போதே நடுவிலுள்ள ஒரு டேட்டா கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்கள். படம் அறுபடாமல் ஓட வேண்டும்.

பவரில் ஏமாறுவதுதான் அதிகம். பேனலுக்கு அதிகபட்சம் 150 வாட் என்று வைத்தால் 60 பேனலுக்கு 9 கிலோவாட். வீடியோவின் சராசரி அதில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். ஆனால் வெள்ளைப் பின்னணி ஸ்லைடு வந்த நொடியில் முழு லோடும் ஏறும். 230 வோல்ட், 16 ஆம்பியர் லைன் கணக்குப்படி 24 பேனல் தாங்கும். 10-க்கு மேல் கோக்காமல் இருப்பது நல்லது. 6 லைன், ஃபேஸுக்கு இரண்டு என்று சமமாகவும் பிரியும். சுவிட்ச் போடும் நொடியில் இழுக்கும் கரன்ட்டுக்கு பி வகை எம்சிபி (கரன்ட் கூடினால் தானே விழும் சுவிட்ச்) விழும். சி வகை போடுங்கள், லைன்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். இன்னொன்று: ஒவ்வொரு பவர் சப்ளையும் எர்த்துக்குக் கொஞ்சம் கசியவிடும். 60 பேனலையும் ஒரே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரன்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகக் கொடுத்தால் கோளாறு இல்லாமலே டிரிப் ஆகும். லைனுக்கு ஒரு ஆர்சிசிபி போடுவதே வழி. எர்த் வயரைக் கழற்றிவிட்டு "சரி பண்ணிட்டோம்" என்பவரை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். டிரஸ்ஸில் (வாலைத் தாங்கும் உலோகச் சட்டம்) தொங்குவது அரை டன் உலோகம், அதைத் தொடுபவர்கள் மனிதர்கள்.

புதிதாக வரும் ஜிஓபி பூச்சு (எல்இடிகளின் மேல் ஊற்றும் தெளிவான பசை) பரவாயில்லை. ஏற்றி இறக்கும்போது ஓரத்து எல்இடி உதிர்வது நன்றாகக் குறைகிறது. உதிர்ந்தால் மட்டும் தொல்லை: பசைக்கு அடியிலுள்ள எல்இடியை நிகழ்ச்சி இடத்தில் சால்டர் செய்ய முடியாது, மாட்யூலையே மாற்ற வேண்டும். அதனால் வண்டியில் அதே பேட்ச் ஸ்பேர் மாட்யூல் குறைந்தது நான்கு வருகிறதா என்று கேளுங்கள். கூடவே ரிசீவிங் கார்டு, பவர் சப்ளை தலா ஒன்றிரண்டு. ஈரமான குடோனில் பல வாரம் கிடந்த பேனலை எடுத்ததும் முழு வெளிச்சத்தில் வெள்ளை ஓட்டக் கூடாது. ஈரம் ஏறிய எல்இடி கொத்தாகச் செத்துப்போகும். 10, 20 சதவீதத்தில் சில மணி நேரம் ஓட்டி மெல்ல ஏற்ற வேண்டும்.

பி1.9 வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: போடியம் முகப்புக்கும், கேமரா மிக அருகில் வரும் ஸ்டுடியோ செட்டுக்கும் சரி. திறந்தவெளி மேடைக்கு அந்தப் பணத்தை 4000 நிட்ஸுக்கு (வெளிச்ச அளவு) மேல் வெளிச்சம் தரும், ஐபி65 (தூசு, தண்ணீர் புகாத தரம்) உள்ள பி3.9-ல் போடுங்கள்.