பத்மநாபபுரம் அரண்மனை: ஓடி ஓடி பாக்குற இடம் இல்லங்க

தக்கலை பக்கத்துல இருக்கற பத்மநாபபுரம் அரண்மனைக்கு நான் போறது இது மூணாவது வாட்டி, இந்த தடவ அம்மாவையும் கூட்டிட்டு போனேன். மொத ரெண்டு தடவையும் டூர் கும்பலோட போய் அரை மணி நேரத்துல வெளிய வந்தாச்சு, அதெல்லாம் பாத்த கணக்கே இல்லன்னு இப்பதான் தெரியுது.

மத்த மியூசியத்துல பொருள கண்ணாடி பெட்டிக்குள்ள வச்சு பக்கத்துல அட்டை எழுதி வச்சிருப்பாங்க, இங்க வீட்டையேதான் பாக்கணும். 1601 வாக்குல ஆரம்பிச்ச அரண்மனை, 18ம் நூற்றாண்டுல திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா பெருசா எடுத்து கட்டுனாரு, அப்புறம் திருவிதாங்கூர் தலைநகரம் இங்கருந்து திருவனந்தபுரத்துக்கு போயிருச்சு. 1930கள்ல பழுது பாத்தவங்க மரத்த மரமாவே விட்டாங்க பாருங்க, அவங்களுக்கு கோடி புண்ணியம்.

செருப்ப வெளியவே விட்டுட்டுதான் போகணும், அதுவும் நல்லதுக்குதான். வெயில்ல இருந்து உள்ள வந்து அந்த கருப்பு தரையில கால வச்சா ஜில்லுனு இருக்கு. சிரட்டைக்கரி (தேங்கா ஓட்ட சுட்ட கரி), சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேத்து போட்ட தரைன்னு கைடு சொன்னாரு, அம்மா குனிஞ்சு தடவி பாத்துட்டு "முகமே தெரியுதேடா"ன்னாங்க. ராஜா மந்திரிகளோட ஆலோசனை பண்ற மந்திரசாலையில, கலர் கலரா மைக்கா (கண்ணாடி மாதிரி வெளிச்சம் விடற தாதுத் தகடு) பதிச்ச ஜன்னல், ஃபேனே இல்லாம காத்து வருது. தாய்க்கொட்டாரம்ங்கற பழைய பகுதியில ஒரே பலாமரத்துல செதுக்குன தூண் ஒண்ணு இருக்கு, அத பாக்கவே பத்து நிமிஷம் வேணும். ஊட்டுப்புரையில, அதாவது சாப்பாட்டு கூடத்துல, ஒரே நேரத்துல 1000 பேர் உக்காந்து சாப்பிடலாமாம், ஊறுகாய் போட்டு வைக்கற பெரிய பெரிய ஜாடி இன்னும் அங்கேயே இருக்கு.

மேல்மாடி சுவரோவியத்துக்கு எங்கள விடல. வருத்தமாதான் இருந்துச்சு, ஆனா இவ்ளோ கூட்டத்தோட மூச்சுக்காத்து ஈரம் பட்டாலே பழைய ஓவியம் கெட்டுரும், அதனால மூடியே இருக்கட்டும். மனசு வலிச்சது வேற எடத்துல, ஒரு மரத்தூண்ல யாரோ சாவியால பேர கீறி வச்சிருந்தாங்க. தயவுசெஞ்சு பசங்கள கூட்டிட்டு போறவங்க முன்னாடியே சொல்லி கூட்டிட்டு போங்க.

இந்த அரண்மனை இருக்கற கன்னியாகுமரி மாவட்டம் 1956ல தமிழ்நாட்டோட சேந்தாலும் இத பாத்துக்கறது கேரள தொல்லியல் துறைதான், திங்கக்கிழமை லீவு. மரப்படியெல்லாம் குறுகலா செங்குத்தா இருக்கும், முட்டிவலி இருக்கறவங்க பாத்து ஏறுங்க. அம்மா என் தோள புடிச்சுகிட்டேதான் ஏறி இறங்குனாங்க, ஆனா கிளம்பற நேரத்துல "அந்த பலாமரத் தூண இன்னொரு தடவ பாத்துட்டு வரலாமா"ன்னாங்க, திரும்ப போய் பாத்துட்டுதான் வந்தோம்.