நண்பனுக்கு வைரஸ் போனது என் கம்ப்யூட்டரிலிருந்தா? எந்தச் சோதனை பதில் சொல்கிறது

"உன் பென்டிரைவைச் சொருகினதுல இருந்துதான் இப்படி" என்று நண்பன் போனில் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது கோபம். அப்புறம்தான் சந்தேகம். கல்யாண போட்டோக்களைப் போட்டு அவனிடம் கொடுத்த பென்டிரைவ் அது. அவன் திறந்து பார்த்தால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக இருந்திருக்கின்றன. பழைய ஷார்ட்கட் வைரஸ்தான். நிஜ ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கும். தொட்டால் ஃபோல்டரும் திறக்கும், கூடவே வைரஸும் ஓடும். அதனால் பலருக்கு வந்ததே தெரியாது.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. என் கம்ப்யூட்டரில் இப்போது வைரஸ் இருக்கிறதா? அவனுக்குப் போனது என்னிடமிருந்தா? ஸ்கேன் போட்டுப் பார்க்கிறவர்கள் முதல் கேள்விக்குப் பதில் வந்ததுமே இரண்டாவதற்கும் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

கையில் முதலில் கிடைப்பது விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர். அதன் குவிக் ஸ்கேன், வைரஸ் வழக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களை மட்டும் பார்க்கும். ஃபுல் ஸ்கேன் டிஸ்க் முழுவதையும் துழாவும், மணிக்கணக்கில் ஓடும். ஆனால் இயல்பான செட்டிங்கில் ஃபுல் ஸ்கேன் பென்டிரைவைச் சேர்த்துக்கொள்ளாது. நம் வழக்கில் முக்கிய சாட்சியே பென்டிரைவ்தான்! அதை ரைட் கிளிக் செய்து தனியாக ஸ்கேன் கொடுக்க வேண்டும்.

டிஃபெண்டரிலேயே ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுதாக எழுந்திருக்கும் முன்பே தேடும். சுமார் 15 நிமிடம்தான். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளத் தெரிந்த வைரஸுக்கு இதுதான் பொருத்தம். ஒன்றைத்தான் செய்வேன் என்றால் ஃபுல் ஸ்கேனை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்.

இன்னொரு கண் வேண்டும் என்றால் இஎஸ்இடி (ESET) ஆன்லைன் ஸ்கேனர், மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு இரண்டுமே நல்லவை. மைக்ரோசாஃப்டின் சேஃப்டி ஸ்கேனரும் இருக்கிறது. டவுன்லோட் செய்து 10 நாளில் காலாவதியாகிவிடும், மறுபடி புதிதாக எடுக்க வேண்டும். டிஃபெண்டரைச் செய்தவர்களே இதையும் செய்தது என்பதால் இரண்டாவது கருத்துக்கு இது என் தேர்வு அல்ல. ஒரே டாக்டரிடம் இரண்டு முறை டோக்கன் போடுகிற மாதிரி.

வைரஸ்டோட்டல் என்ற இணையதளம் வேறு ரகம். 2004-இல் ஸ்பெயினில் தொடங்கியது, 2012 முதல் கூகுளிடம் இருக்கிறது. கம்ப்யூட்டரை அது சோதிக்காது. நீங்கள் கொடுக்கும் ஒரு ஃபைலைச் சுமார் 70 ஆன்டிவைரஸ்களிடம் காட்டி, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று வரிசையாகத் தரும். நமக்கு அதில் பெரிய லாபம் பெயர்கள்தான். ஒரே வைரஸுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைக்கும். 2008-இல் பரவிய கான்ஃபிக்கர் வைரஸை காஸ்பர்ஸ்கி கிடோ என்றது, எஃப்-செக்யூர் டவுனடப் என்றது. நண்பனின் ஆன்டிவைரஸ் ஒரு பெயரும் உங்களுடையது வேறு பெயரும் சொன்னால், இரண்டும் ஒன்றுதானா என்று இங்கே தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: அங்கே ஏற்றும் ஃபைல் மற்ற நிறுவனங்களின் கைக்கும் போகும். சம்பளச் சீட்டு, ஆதார் நகல் எதையும் ஏற்றிவிடாதீர்கள்.

பென்டிரைவ் இல்லாமல், "உன் மெயிலில் இருந்து வைரஸ் வந்தது" என்று நண்பர் சொன்னால் கதையே வேறு. 2000 மே மாதம் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ் நிஜமாகவே மாட்டியவரின் அவுட்லுக் முகவரிகளுக்குத் தானே மெயில் அனுப்பியது. அடுத்த ஆண்டு வந்த கிளெஸ், அனுப்புநர் இடத்தில் வேறு யாருடைய முகவரியையோ போட்டது. உங்கள் இருவரையும் தெரிந்த மூன்றாம் ஆளின் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கும், பழி உங்கள் மேல் விழும். இங்கே ஸ்கேன் ஓட்டுவதற்கு முன் சென்ட் ஃபோல்டரையும், ஜிமெயில் என்றால் கணக்கில் கடைசியாக நுழைந்தவர்களின் விவரத்தையும் பாருங்கள். தெரியாத ஊரிலிருந்து யாராவது நுழைந்திருந்தால் போனது பாஸ்வேர்ட். கம்ப்யூட்டர் சுத்தமாகவே இருக்கலாம்.

சரி, என் வழக்குக்கு வருகிறேன். ஆஃப்லைன் ஸ்கேனும் இஎஸ்இடியும் என் கம்ப்யூட்டரில் ஒன்றுமில்லை என்றன. நண்பன் ஒப்புக்கொள்ளவில்லை. "அனுப்பிட்டு அழிச்சிருப்பே" என்றான். கிண்டல்தான், ஆனால் நியாயமான கேள்வி. இன்றைய ஸ்கேன் போன வாரத்துக்குச் சாட்சி சொல்லாது. டிஃபெண்டரின் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி கொஞ்சம் சொல்லும், சமீபத்தில் எதையாவது பிடித்திருந்தால் நாளோடு அங்கே இருக்கும். எனக்கு அதுவும் காலி.

கடைசியில் உதவியது எந்த ஸ்கேனரும் இல்லை, நேரக் குறிப்புகள். பென்டிரைவைத் திரும்ப வாங்கி, எதையும் டபுள் கிளிக் செய்யாமல், ஷார்ட்கட் ஒன்றின் பிராப்பர்ட்டீஸில் அது உருவான நேரத்தைப் பார்த்தேன். மறைந்திருக்கும் நிஜ ஃபோல்டர்களைப் பார்க்க ஹிட்டன் ஐட்டம்ஸை டிக் செய்தால் மட்டும் போதாது, வைரஸ் அவற்றைச் சிஸ்டம் ஃபைல்களாகவும் குறித்திருக்கும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுக்க வேண்டும். இந்த நேரக் குறிப்பும் வேதவாக்கு இல்லை. எழுதிய கம்ப்யூட்டரின் கடிகாரம் தப்பாக இருந்தால் இதுவும் தப்பு, சில வைரஸ்கள் நேரத்தை மாற்றியும் வைக்கும்.

போட்டோ ஃபோல்டர் பென்டிரைவில் ஏறியது வெள்ளிக்கிழமை இரவு. ஷார்ட்கட்டுகள் பிறந்தது சனிக்கிழமை மாலை 6.40. நண்பன் கைக்குப் போனது ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மாலை நானும் பென்டிரைவும் ஒரு ஜெராக்ஸ் கடையில் இரண்டு பக்கம் பிரிண்ட் எடுக்கக் காத்துக்கொண்டிருந்தோம். என் கம்ப்யூட்டர் வீட்டில் மூடிக்கிடந்தது.

ஸ்கிரீன்ஷாட்டோடு அவனுக்கு அனுப்பினேன். "கம்ப்யூட்டர் இல்ல, சரி. பென்டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தது நீதானே?" என்று பதில் வந்தது.